மூன்றாம் தொகுதி

என் மனைவி நாலாயிரத்து இருநூறு பக்கங்களைப் படித்தாள். கதைப் புத்தகமாக இருந்தால் நான் ஏன் சொல்லப் போகிறேன். ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி, தன்னுடைய கோப்புகள் உள்ளே எப்படி அமைந்திருக்கின்றன என்று எழுதி, இதையே எல்லா அரசு அலுவலகங்களுக்கும் தரமாக அறிவியுங்கள் என்று கேட்டுக் கொடுத்த வரைவு அது. மூன்று தொகுதிகள். ஒன்றைத் தூக்கினாலே தோள்பட்டை இறங்கிவிடும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, பக்க அடையாளத்துக்குத் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி உருவிச் செருகி, இரண்டு மாதம் படித்தாள். கடைசியில் அவள் கொண்டையில் ஒரு பின்கூட மிஞ்சவில்லை. பென்சிலைச் செருகிக்கொண்டாள்.

அதே வரைவின் இன்னொரு பிரதியும் எங்கள் வீட்டில் இருந்தது. அது என்னுடையது. பெட்டியின் டேப்பைக்கூட நான் கிழிக்கவில்லை. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தேன். உயரம் கச்சிதமாக இருந்தது.

ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு என்றால், நாங்கள் இருவருமே தர நிர்ணயக் குழுவின் உறுப்பினர்கள். அவள் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் மூன்றாம் கவுண்டரில் உட்காருபவள். பதிவேடுகள் வைத்திருக்கும் அலுவலகங்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று குழுவிலிருந்து கடிதம் வந்தபோது, மேலதிகாரிகள் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்ட, கடைசியில் அது அவள் தலையில் வந்து விழுந்தது. நான் என் அக்கா புருஷனின் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்டர் பழுது பார்ப்பவன். என்னைக் குழுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம், எனக்குக் கை இருக்கிறது, அதைத் தூக்க முடியும்.

அத்தான் அதை ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார்.

"மச்சான், மாசம் ஒரு கூட்டம். போ, டீயைக் குடி, கை தூக்கச் சொன்னா தூக்கு, வந்துடு. அந்தக் கம்பெனி சரக்கைத்தான் நாம விக்கிறோம். அவங்களே கேட்டு, முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"என்ன ஏதுன்னு படிக்க வேண்டாமா அத்தான்?"

"படிக்கிறதுக்கெல்லாம் அவங்ககிட்டயே ஆள் இருக்கு."

இந்தப் பதில் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. வேலை குறைகிறது என்றால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை.

முதல் கூட்டத்தன்று காலையில் அவளும் "ஒரு மீட்டிங்" என்றாள், நானும் "ஒரு மீட்டிங்" என்றேன். அவள் பஸ்ஸில் போனாள், நான் வண்டியில் போனேன். உள்ளே நுழைந்தால் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க எங்க இங்க?" என்றாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"கடை சார்பா வந்திருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"கை தூக்குற பக்கம்."

அவள் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டாள், நான் அங்கே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

அந்தக் குழுவில் அதுவரை பதினொரு பேர்தான். யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துச் சேரலாம் என்பது விதி. ஆனால் கோப்புகளின் அமைப்பைப் பற்றிப் பேசும் கூட்டத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்? பெரிய கம்பெனியின் வரைவு வந்த மாதத்தில் மட்டும் இருபத்து மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தோம். கார்ட்ரிட்ஜில் மை நிரப்புபவர், கேமரா மாட்டுபவர், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விற்பவர், அப்புறம் கடைக்காரர்களின் மச்சான்கள். எங்களில் ஒருவருக்கும் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாது. பதினொரு டீயோடு வந்த கேன்டீன்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அறை மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்.

எங்களை மேய்த்தவர் பெரிய கம்பெனியின் பிரதிநிதி. டீ ஆறிப்போயிருந்தாலும் சிரிப்பார், யாராவது எதிர்த்துப் பேசினாலும் சிரிப்பார். நாங்கள் அவரைச் சிரிப்பு சார் என்றே சொல்வோம். எங்களுக்கு எந்தச் சிரமமும் வைக்கவில்லை. குழுவில் ஓட்டுப் போட வேண்டுமானால் ஏழாம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'வரைவு முழுவதையும் படித்தேன்' என்று. அந்தப் படிவத்தையும் அவரே நிரப்பிக்கொண்டு வந்தார், நாங்கள் கையெழுத்து மட்டும் போட்டோம். மற்ற பதினொரு பேருக்கும் தர நிர்ணய அலுவலகம் தபாலில் வரைவை அனுப்பியது. எங்களுக்குக் கம்பெனியே அச்சடித்து, வேனில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கியது.

இப்போது என் மனைவியின் கவுண்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆறு வருடக் காலம், பிறப்புப் பதிவுகளை எல்லாம் இதே கம்பெனியின் பழைய மென்பொருளில்தான் ஏற்றியிருக்கிறார்கள். கம்பெனி அதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. புதியதில் பழைய கோப்பைத் திறந்தால் தேதி வரும், ஆஸ்பத்திரி வரும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். இவள் விடவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதையும் பார்க்கலாம், திருத்தலாம் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் கட்டம்தான். ஆனால் அதைச் செய்பவர்களுக்குக் கடிதம் எழுத முடிந்தது. யாருடைய விவரமும் இல்லாமல் அந்தக் காலத்தில் சோதனைக்காக ஏற்றியிருந்த ஒரு பழைய கோப்பைத் தேடி எடுத்து, எங்கே என்ன தப்பாக வருகிறது என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். ஒன்பது நாளில் ஒரு ஆள் சரிசெய்து அனுப்பிவிட்டார். ஆந்தை என்று கையெழுத்து. எந்த நாடோ, ஆணோ பெண்ணோ, தெரியாது. சம்பளம் கிடையாது, சலாம் கிடையாது. பத்தாம் நாள் அவளுடைய கவுண்டரில் கட்டங்கள் எல்லாம் பெயர்களாகிவிட்டன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆந்தை, ஆந்தை என்று அவள் பேசின பேச்சில் எனக்குக் கொஞ்சம் பொறாமையே வந்தது. பதினெட்டு வருடத்தில் எத்தனை பிரிண்டர் சரிசெய்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒருநாள் இப்படிப் பேசியிருப்பாளா?

நகராட்சி அதற்குத் தற்காலிக அனுமதிதான் கொடுத்திருந்தது. தர நிர்ணயக் குழு முடிவு செய்யும்வரை வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் வரைவு தரமாகிவிட்டால் கம்பெனியின் மென்பொருள் மட்டும்தான், மற்றதெல்லாம் அழிக்கப்படும் என்று சுற்றறிக்கை. அதாவது நாங்கள் இருபத்து மூன்று பேர் கையைத் தூக்கினால் மூன்றாம் கவுண்டரில் ஆந்தை போய்விடும், கட்டங்கள் திரும்பி வந்துவிடும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் படிக்கப் படிக்க ஆட்சேபங்கள் கூடிக்கொண்டே போயின. நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்க எண், வரி எண், காரணம். அதில் ஒன்றை ஒருநாள் எனக்குப் படித்துக் காட்டினாள். மூன்றாம் தொகுதி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பழைய கோப்பில் பெயர்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அது. அங்கே ஒரே ஒரு வரி: 'இவ்விடத்தில் எங்கள் பழைய பதிப்பு செய்ததைப் போலவே செய்க.'

"புரியுதா?" என்றாள்.

"பழைய மாதிரியே செய்யணும். இதுல என்ன?"

"பழசு எப்படிச் செஞ்சுதுன்னு இந்த நாலாயிரத்து இருநூறு பக்கத்துல எங்கயும் எழுதலை. சமையல் குறிப்புல, எங்க அம்மா செய்யிற மாதிரி செய்யவும்னு எழுதினா எப்படி? அவங்க அம்மாவை நான் எங்க போய்க் கேப்பேன்?"

ஏழாவது வரை கணக்கில் தோற்றவள் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்பவள். தன் வேலையில் ஒரு வரி இடிக்கிறது என்றால் அது ஏன் என்று தெரியும்வரை விடமாட்டாள். எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு பெண்டாட்டி. பெருமைதான், ஆனால் கூடக் குடித்தனம் செய்வது லேசில்லை.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாஷிங் மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டது. தரையில் வைத்திருந்த அவளுடைய மூன்றாம் தொகுதியின் கடைசி நூறு பக்கம் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டது. துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்துப் பார்த்தாள். பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது.

"ஏங்க, உங்க பெட்டியைப் பிரிக்கட்டுமா?"

"பிரி. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, பாத்து."

கத்தியால் டேப்பைக் கிழித்தாள். முதல் தொகுதியை எடுத்து வைத்தாள். இரண்டாம் தொகுதியை எடுத்து வைத்தாள். அடுத்ததை எடுத்தவள் அட்டையைப் பார்த்தாள், பிரித்துப் பார்த்தாள், பிறகு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"மூணு எங்க?"

"அதான் மூணு இருக்கே."

"மூணு புத்தகம் இருக்கு. மூணாவது புத்தகம் இல்ல. ரெண்டாவதே ரெண்டு இருக்கு."

நானும் பார்த்தேன். இரண்டாம் தொகுதி, இரண்டாம் தொகுதி. அச்சகத்தில் தவறியிருக்கும், என் பெட்டியில் மட்டும் மாறியிருக்கும் என்றேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கார்ட்ரிட்ஜ்காரருக்குப் போன் போடச் சொன்னாள். அவர் அந்தப் பெட்டியைக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அலுத்துக்கொண்டே பிரித்துப் பார்த்து, "ரெண்டு, ரெண்டுன்னு போட்டிருக்கு, ஏன்?" என்றார். கேமரா மாட்டுபவருடையது பரணில் இருந்தது. அதுவும் அப்படியே.

ஒரே வேனில் வந்த இருபத்து மூன்று பெட்டிகள். இரண்டு மாதமாக இருபத்து மூன்று பேரிடமும் மூன்றாம் தொகுதி இல்லை. கேட்கவும் ஒருத்தரும் இல்லை. முழுவதையும் படித்தேன் என்று இருபத்து மூன்று கையெழுத்து இருக்கிறது.

என் மனைவி ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அந்தக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது என்று ஞாபகம் வரும்வரை. இவள் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதை முடிந்தது. அதோடு என் வேலையும் அத்தான் உறவும் முடிந்தது.

"நீ இதைச் சொல்லப்போறியா?"

அவள் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று புத்தகங்களையும் பெட்டிக்குள் அடுக்கி, புது டேப் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை மேலே தூக்கி வைத்தாள்.

"உங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கிறது உங்க விஷயம். புருஷன் பெட்டியைக் கிளறி ஜெயிச்சான்னு எனக்கு ஒரு பேர் வேண்டாம். எங்கிட்ட நூத்திப் பதினெட்டு இருக்கு."

நான் எதிர்பார்த்தது சண்டை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த ஐந்து நாளும் அவள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஜெயிக்கிற சீட்டு கையில் இருந்தும், அது தன்னுடையது இல்லை என்று அதை அவள் இறக்கவில்லை. இப்படிப்பட்டவளுக்கு எதிரே போய்க் கை தூக்க வேண்டும் என்று நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

கூட்டத்தன்று குழுத் தலைவி ஆட்சேபங்களை எடுத்தார். பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர் அம்மா. விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். முன் மேசையில் பெரிய கம்பெனியின் வரைவு ரிப்பன் கட்டி அழகுக்கு வைக்கப்பட்டிருந்தது.

என் மனைவி எழுந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தாள். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசிவரை படித்தாள். சிரிப்பு சார் சிரித்தார்.

"மேடம், நூத்திப் பதினெட்டு ஆட்சேபமும் ஒரே ஒருத்தர்கிட்டயிருந்து வந்திருக்கு. இங்க இருபத்து மூணு உறுப்பினர்கள் முழுசாப் படிச்சு, புரிஞ்சு, கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்களுக்குப் புரிஞ்சது இவங்களுக்குப் புரியலைன்னா, அதுக்கு வரைவு என்ன பண்ணும்?"

அறையில் சிரிப்பு கிளம்பியது. தலைவி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிடிக்காத மருந்தைக் குடிக்கிற முகத்தோடு சொன்னார்.

"பெரும்பான்மை தெளிவா இருக்குன்னு சொன்னா நான் மேல போய்த்தான் ஆகணும். மூணாம் தொகுதியைப் படிச்சவங்க, இந்தப் பக்கம் தெளிவா இருக்குன்னு நினைக்கிறவங்க, கை தூக்குங்க."

முதலில் தூக்கிய கை என்னுடையது. சத்தியமாக நான் யோசித்துத் தூக்கவில்லை. பழக்கம். என்னைப் பார்த்து மற்ற கைகளும் எழுந்தன. நான் ஜன்னலோரம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் காகிதங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், அந்த நூற்றுப் பதினெட்டையும், ஓரம் பிசகாமல். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இறக்கலாம்," என்றார் தலைவி. என்னுடையதைத் தவிர எல்லாக் கைகளும் இறங்கின.

"இருபத்தேழாம் உறுப்பினர், இறக்கலாம்."

"இல்ல மேடம்," என்றேன். "ஒண்ணு சொல்லணும். எங்கிட்ட மூணாம் தொகுதியே இல்ல. ரெண்டாம் தொகுதி ரெண்டு இருக்கு. நான் எதையும் படிக்கல. பெட்டியையே பிரிக்கல. போன ஞாயித்துக்கிழமைதான் தெரியும்."

சிரிப்பு சார் என் பக்கம் திரும்பினார். "ஒரு பெட்டியில தவறியிருக்கலாம். இதைப் போய்ப் பெரிசு பண்ண வேண்டாம். இதோ இருக்கு மேடம், முழு வரைவு," என்று முன் மேசையைக் காட்டினார்.

"அந்த மூணாவதை இப்படிக் குடுங்க," என்றார் தலைவி. ரிப்பனை அவரே அவிழ்த்தார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அதைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். அதுவும் இரண்டாம் தொகுதி. அதுவும் அந்த வேனில் வந்ததுதான்.

என் பக்கத்திலிருந்த கார்ட்ரிட்ஜ்காரர் மெதுவாக, "எனக்கும் ரெண்டுதான் மேடம்," என்றார். கேமராக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர். சிரிப்பு சாரின் வாய் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே விரிந்திருந்தது, அதை எப்படி மூடுவது என்று தெரியாதவர் போல.

தலைவி இருபத்து மூன்று படிவங்களையும் செல்லாது என்று எழுதினார். தபாலில் மூன்றாம் தொகுதி வரும், நாற்பது நாள் அவகாசம், படித்தவர்கள் மட்டும் திரும்பக் கையெழுத்துப் போட்டு ஓட்டளிக்கலாம். உறுப்பினர் பதவி ஆளின் பெயரில்தான், வருட முடிவுவரை அனுப்பிய கடைக்காரர்கூட மாற்ற முடியாது என்று என்னைப் பார்த்து ஒரு விதியையும் வாசித்தார்.

வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவள், சிக்னலில் நின்றபோது சொன்னாள்:

"முதல்ல நீங்க கை தூக்கினப்ப உங்களை மனசுக்குள்ள பயங்கரமாத் திட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திட்டல."

என் தோளில் வைத்திருந்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அத்தான் மறுநாள் காலையிலேயே கடைச் சாவியை வாங்கிக்கொண்டார். "கையைத் தூக்கச் சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லலையே மச்சான்," என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. அக்கா ஒரு மாதம் பேசவில்லை. எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. நான் செய்ததற்கு யாரும் மாலை போடவில்லை.

வேலை இல்லாதவனுக்கு நாலாயிரத்து இருநூறு பக்கம் ஒரு பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன். பெரிய விஷயம்தான். முதல் இருபது பக்கத்தில் இரண்டு முறை தூங்கினேன். அவள் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் பின் செருகிய இடமெல்லாம் நின்று நின்று படித்தேன். ஓரத்தில் பென்சில் குறிப்புகள். 'இது முன்னூறாம் பக்கத்தோடு மோதுகிறது.' 'இதை ஆந்தையிடம் கேட்க.' வேலைக்குப் போய் வந்து, துணி மடித்து, இதையும் செய்திருக்கிறாள் என்று பக்கத்துக்குப் பக்கம் எனக்கு வியப்புக் கூடிக்கொண்டே போனது. மூன்றாம் தொகுதியின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் குறிப்பு வேறு மாதிரி இருந்தது. 'டோக்கன் 64.' அவ்வளவுதான்.

"இது என்ன?" என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆந்தை வர்றதுக்கு முந்தி ஒரு அம்மா வந்தாங்க. பதிமூணு வருஷத்துக்கு முன்னால பிறந்த குழந்தை. பதினோரு நாள்தான் இருந்துச்சாம். வீடு மாத்துறப்ப அந்தக் காகிதம் தொலைஞ்சு போச்சு. எதுக்கும்மா வேணும்னு கேட்டேன். எந்த வேலைக்கும் இல்ல, பேரை எழுத்துல பாக்கணும்னாங்க. வேற எங்கயுமே அந்தப் பேரை யாரும் எழுதி வைக்கலையாம்."

"நீ?"

"திறந்தேன். கட்டம். திரையை அவங்க பக்கம் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பாத்தாங்க. அப்புறம், பரவால்லம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. விலாசம் வாங்கணும்னு எனக்குத் தோணல. தேதியையும் குறிச்சுக்கல, அதனால தேடவும் முடியல. டோக்கன் நம்பர் மட்டும் ஞாபகம் இருக்கு." ஒரு சட்டையை மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். "அவங்க திரும்பி வருவாங்க. வர்றப்ப திறக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இரண்டு மாதமாக அவள் எதை எதிர்த்துப் படித்துக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்தேனோ, அது இல்லை. அவள் யாரையும் எதிர்க்கவில்லை. ஒருவருக்காகக் காத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் கூட்டத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். டீ எல்லோருக்கும் சரியாக இருந்தது. புதியவர்களில் படிவத்தில் திரும்பக் கையெழுத்துப் போட்டவர்கள் நானும் கார்ட்ரிட்ஜ்காரரும்தான். அவர் உண்மையாகவே படித்திருந்தார், நானே அசந்துபோனேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குச் சிரிப்பு சாரிடம் பதில் கேட்டார்கள். பழைய பதிப்பை எழுதியவர்கள் இப்போது கம்பெனியில் இல்லை என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வரைவு திருப்பி அனுப்பப்பட்டது. ஆந்தை கவுண்டரிலேயே இருந்துகொண்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து, மூன்றாம் கவுண்டரில் பிரிண்டர் பழுது என்று என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது நான் தனியாகத்தான் வேலை எடுக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, உருளையைக் கழற்றிக் கையெல்லாம் மையோடு இருந்தேன். அவள் மணியை அடித்துப் பத்தொன்பதாம் டோக்கனைக் கூப்பிட்டாள். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கவுண்டரில் உட்காருபவர்கள் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை.

"வாங்கம்மா," என்றாள். "உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு வந்தேன். இந்தப் பக்கமா வேற வேலை இருந்துச்சு, அதான் இன்னொரு தடவை..."

"தேதி சொல்லுங்கம்மா."

தேதியைச் சொன்னார். என் மனைவி தட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு குனியாமலே என்னிடம், "ஏங்க, சீக்கிரம்," என்றாள்.

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஒரு பிரிண்டரை மாட்டி முடித்ததில்லை. உருளையைப் போட்டு, மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டேன். ஒருமுறை முனகியது. பிறகு காகிதம் வந்தது. மை படாமல் ஓரத்தைப் பிடித்து அவளிடம் கொடுத்தேன்.

அந்த அம்மா அதை வாங்கி, பெயரை வாய்விட்டுப் படித்தார். என்ன பெயர் என்று நான் சொல்லமாட்டேன், அது அவருடையது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போல் மறுபடி ஒருமுறை படித்தார்.

"இது இனிமே அழிஞ்சு போயிடாதே?"

"போகாதும்மா. எப்ப வந்தாலும் திறக்கும்."

அவர் போன பிறகும் என் மனைவி நின்றுகொண்டேதான் இருந்தாள். வரிசையில் இருந்த யாரும் முணுமுணுக்கவில்லை. நான் கீழே கிடந்த திருகுகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன், என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று. சற்று நேரம் கழித்து மணியை அடித்து இருபதாம் டோக்கனைக் கூப்பிட்டாள்.